கவனித்துப்பாருங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு லெந்துப் பயணம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில்)

புதன், தருமபுரி

அக்கா வீட்டில் இரண்டு தண்ணீர். குடத்தில் இருப்பது காவிரி, பின்கட்டுத் தொட்டியில் இருப்பது போர்வெல். "போர் தண்ணிய வாயில வைக்காத. குளிக்க, துணி துவைக்க மட்டுந்தான்" என்று பையைக் கீழே வைக்கும் முன்பே சொல்லிவிட்டாள். ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். உப்பில்லை, கசப்பில்லை, வாடையும் இல்லை. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை விடவும் நன்றாகவே இருந்தது.

இந்த மாவட்டத்தின் பாறைகளில் ஃபுளூரைடு சேர்ந்த கனிமங்கள் உண்டு. மழை குறைவு. நிலத்தடி நீர் அந்தப் பாறையோடு நெடுங்காலம் கிடக்கிறது, ஃபுளூரைடு அதில் கரைந்துவிடுகிறது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கத் தகாது என்பது நம் நாட்டு அளவுகோல். அதற்கு மேற்பட்ட தண்ணீரைக் குடித்து வளர்கிற பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே பழுப்புக் கறையோடு முளைக்கும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும், மூட்டு இறுகும், முதுகு வளையும். இதைத்தான் ஃபுளூரோசிஸ் என்கிறார்கள்.

அக்கா பென்னாகரம் பக்கத்து அரசுப் பள்ளியில் ஆசிரியை. அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வகுப்புப் படம் எடுக்கும்போது பிள்ளைகள் சிரிக்க மாட்டார்களாம். சிரித்தாலும் கை வாயை மூடிக்கொள்ளுமாம். "வெட்கம்னு நெனச்சேன். ஒருத்தி கையை எடுத்துப் பார்த்த பொறவுதான் புரிஞ்சுது."

வேதாகமத்தில், யாத்திராகமத்தில், மாரா என்ற இடத்தின் தண்ணீர் கசப்பாக இருந்தது. எகிப்திலிருந்து புறப்பட்டு வந்த இஸ்ரவேல் ஜனங்களால் அதைக் குடிக்க முடியவில்லை, முறுமுறுத்தார்கள். கர்த்தர் காட்டிய மரத்தை மோசே போட்டதும் தண்ணீர் மதுரமானது. அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் கசப்பைத்தான் பெரிய துன்பமாக நினைத்து வந்தேன். இன்று தொட்டியருகே நின்றபோது, கசப்பும் ஒரு தயவுதான் என்று தோன்றியது. கசந்ததால் அவர்கள் குடிக்கவில்லை. இங்கே நாக்கு எச்சரிக்கவில்லை. தாய்மார் நல்ல தண்ணீர் என்று நம்பித்தான் பிள்ளைக்குப் புகட்டினார்கள்.

"தன் பிழைகளை உணருகிறவன் யார்? மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்" என்று 19-ம் சங்கீதத்தில் ஒரு ஜெபம் இருக்கிறது. தெரிந்த பாவத்துக்காக ஜெபிக்கத் தெரியும். ருசியில் பிடிபடாததற்காக ஜெபிக்க இந்த வசனம்தான் கற்றுக்கொடுக்கிறது. பரம்பரையாகக் குடித்து வந்த சாதிப் பெருமையும் அப்படிப்பட்ட தண்ணீர்தானே? சபைக்குள்ளும் அது ஓடுகிறது. அதைக் குடிக்கிறவர்களுக்கு அது கசப்பதே இல்லை.

மழை பொய்த்தால் இன்னும் ஆழமாகப் போர் போட்டார்கள். ஆழம் போகப் போக ஃபுளூரைடு குறைந்தபாடில்லை. தண்ணீர் வேறிடத்திலிருந்துதான் வரவேண்டியிருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013-ல் தொடங்கினார்கள். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி குழாயில் வந்தது. எரேமியா 2-ல் கர்த்தர் அங்கலாய்க்கிறார்: ஜீவத்தண்ணீர் ஊற்றாகிய என்னை விட்டுவிட்டு, தண்ணீர் நிற்காத வெடிப்புள்ள தொட்டிகளை வெட்டிக்கொண்டார்கள் என்று. இந்த ஊரில் உட்கார்ந்து அதை வாசித்தால், வெட்டுகிறவர்களின் தாகம் எனக்கு முன்பைவிட நன்றாகப் புரிகிறது. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. உயிரைக் கொடுத்து வெட்டுகிறார்கள்.

இந்த லெந்து நாட்களில் ஒரு நாளைக்கு ஒரு காரியத்தையாவது நின்று பார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறேன். இயற்கையில் தேவனைப் பார்க்கிறோம் என்று பூவையும் பனித்துளியையும் வானவில்லையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆண்டவர் உவமை சொன்னபோது விதைக்கிறவனுடைய வேலை தெரிந்து சொன்னார். எந்த விதை வழியருகே விழும், எது மண் ஆழமில்லாத பாறையில் முளைத்துக் காயும் என்பதெல்லாம் வயலில் நின்றவருக்குத்தான் தெரியும். ஆகவே இங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதப்போகிறேன்.

வியாழன், ஒகேனக்கல்

பென்னாகரம் தாண்டி மலை இறங்குகிற சாலையில் இருபுறமும் மரங்கள் இலையுதிர்த்து நின்றன. அருவியில் தண்ணீர் மட்டு. மட்டாக இருப்பதால்தான் பரிசல் ஓடுகிறது, வெள்ளம் வந்தால் நிறுத்திவிடுவார்கள். மீன் வறுவல் வாசனை, எண்ணெய் தேய்க்கிறவர்கள், கூட்டம். இதைப்பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை.

பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பால் வலமும் இடமும் தள்ளிக்கொண்டு போனார். பாறை மேடு வந்ததும் எங்களை இறக்கிவிட்டு, பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். "அருவி இரைச்சல்ல பயமா இல்லையாண்ணா?" என்றேன்.

"சத்தம் போடுற தண்ணி ஆழமில்லம்மா. இதோ சும்மா கெடக்குதே, இங்கதான் சுழி" என்று எங்களுக்குக் கீழே காட்டினார்.

42-ம் சங்கீதம் நினைவுக்கு வந்தது. "உமது மதகுகளின் இரைச்சலால் ஆழத்தை ஆழம் கூப்பிடுகிறது." அதே சங்கீதம்தான் மான் நீரோடையை வாஞ்சித்துக் கதறுகிற மாதிரி என்று தொடங்குகிறது. முதல் வசனத்தில் தண்ணீர் இல்லாமல் தவிக்கிறவர், ஏழாம் வசனத்தில் தண்ணீருக்குள் மூழ்குகிறார். தாகமும் வெள்ளமும் ஒரே மனிதனுக்கு, ஒரே ஜெபத்தில். அவர் இரண்டிலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? நேற்றுக் குடத்தில் இருந்த தண்ணீரும் இந்த ஆற்றிலிருந்து ஏறி வந்ததுதான் என்பதால், இன்று அந்தச் சங்கீதத்தை முழுவதுமாக ஆற்றங்கரையிலேயே வாசித்தோம். அத்தான் வாசித்தார், இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

வெள்ளி, பாலக்கோடு பக்கம்

அக்காவிடம் படித்த ஒரு பையனின் அப்பா பட்டுப்புழு வளர்க்கிறார். மல்பெரித் தோட்டத்துக்கு நடுவே நீளமான கட்டடம், வலையடித்த ஜன்னல்கள். வாசலில் கால் கழுவி, சுண்ணாம்புத் தூள் பரப்பிய இடத்தில் மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும். தலையில் வாசனை எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். பூவை எடுத்து வெளியே வைக்கச் சொன்னார். கொசுவர்த்தி ஏற்றிய வீட்டுக்காரர்களை உள்ளேயே விடுவதில்லையாம். புழு அவ்வளவு மென்மை.

முதல் அறையில் தட்டுத் தட்டாக வெள்ளைப் புழுக்கள் தழை தின்னுகிற சத்தம். மழைதான் பிடித்துக்கொண்டது என்று ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அடுத்த அறைக்குள் நுழைந்தால் சத்தமே இல்லை. அங்கேயும் ஆயிரக்கணக்கில் புழு. எல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருந்தன.

"தோல் உரிக்கப் போவுதுங்கம்மா. இப்ப தின்னாது, தொடவும் கூடாது. ஒரு நாள் ஆவும்."

புழு வளர்ந்துகொண்டே போகும், அதன் தோல் வளராது. ஆகவே நான்கு முறை தோல் உரிக்கும். ஒவ்வொரு முறையும் உண்ணாமல் ஒடுங்கிக் கிடந்து, பழைய தோலிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, பிறகு பசியோடு எழும். நான்காவது உரிப்புக்குப் பின் வருகிற ஒரு வாரத்தில்தான் வாழ்நாள் தீனியில் பெரும்பங்கைத் தின்னும்.

ஒரு தட்டில் ஐந்தாறு புழுக்கள் மட்டும் உரித்து முடித்து, தலையை ஆட்டித் தழை தேடிக்கொண்டிருந்தன. "இதுங்களுக்குப் பசிக்குதே, கொஞ்சம் போடலாமா?" என்று கேட்டேன்.

"போடக்கூடாதுங்க. முந்தி எழுந்ததுக்குப் போட்டா அது பெருத்துடும், பிந்தி எழுறது நோஞ்சானா நின்னுபோவும். அப்புறம் ஒண்ணு கூடு கட்டும்போது ஒண்ணு தின்னுட்டு இருக்கும், மனையே கெட்டுப்போவும். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு எழுந்திருச்சா அப்பத்தான் எல்லாத்துக்கும் சேர்த்துத் தழை."

"எழுந்ததுங்க பட்டினியா இருக்குமே?"

"இருக்கும். தாங்கும். அதுங்களுக்குத்தான் தெம்பு இருக்குதே."

நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். இராப்போஜன ஆராதனை முறைகளைப் பற்றிய அதிகாரத்தின் கடைசியில் வருவதால், அது ஏதோ பந்தி ஒழுங்கு என்றுதான் எடுத்துக்கொள்வோம். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு வெறித்திருந்தார்கள். வேலை முடித்துப் பிந்தி வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். அது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்கிறார் பவுல். தெம்புள்ளவர்கள் காத்திருக்க வேண்டும், காத்திருக்கத் தெம்பு இருப்பது அவர்களிடம்தான். இந்த விவசாயி வேதம் வாசித்தவர் இல்லை. ஆனால் அந்த வசனத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

நம் பிள்ளைகளின் ஞாயிறு பள்ளியில் எழுந்திருக்கிற பிள்ளைக்கே தழை போடுகிறோம். வசனம் சொல்லத் தெரிந்தவளுக்குப் பரிசு, பாட்டுப் பாடத் தெரிந்தவனுக்கு மேடை. அந்த நான்காவது வரிசைப் பிள்ளை இன்னும் தோல் உரித்துக்கொண்டிருக்கிறது.

கடைசி அறையில் கூடுகள். வாயிலிருந்து நூல் விட்டு, தலையை எட்டுப் போட்டு எட்டுப் போட்டு ஆட்டி, இரண்டு மூன்று நாளில் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறது. ஒரு கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நூல் இருக்குமாம், அறுபடாமல் ஒரே இழையாக. காட்டுப்புஷ்பங்கள் உழைக்கிறதுமில்லை, நூற்கிறதுமில்லை என்று ஆண்டவர் சொன்னதை மனப்பாடம் செய்து வளர்ந்தவள் நான். இதோ நூற்பதற்காகவே பிறந்த ஒன்று.

கூட்டுப்புழு வண்ணத்துப்பூச்சியாக வெளிவரும் படத்தை உயிர்த்தெழுதலுக்கு உதாரணமாகக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுண்டு. பட்டு மனையில் அது நடப்பதில்லை. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் இழை அறுந்துவிடும். ஆகவே கூடுகளை அங்காடியில் ஏலம் விட்டு, உள்ளே புழு இருக்கும்போதே அவித்து நூல் எடுக்கிறார்கள். நம் கல்யாணப் பட்டெல்லாம் அப்படி வந்ததுதான். இதை மறைத்துவிட்டு ஈஸ்டர் பாடம் நடத்த எனக்கு இனி மனம் வராது.

வேறொரு வசனம்தான் வந்தது. "நானோ ஒரு புழு, மனுஷனல்ல, மனுஷரால் நிந்திக்கப்பட்டும், ஜனங்களால் அவமதிக்கப்பட்டும் இருக்கிறேன்." 22-ம் சங்கீதம். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று ஆண்டவர் சிலுவையில் கதறியது இந்தச் சங்கீதத்தின் முதல் வரி. அவருடைய வஸ்திரத்தைச் சீட்டுப்போட்டுப் பங்கிட்டதும் இதே சங்கீதத்தில் இருக்கிறது. அவர் நிர்வாணமாகத் தொங்கினார், நாம் உடுத்தியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை என்பதாலோ என்னவோ, திரும்பி வரும்போது வண்டியில் யாரும் பேசவில்லை.

சனி, சந்தூர்

கிருஷ்ணகிரி மாவட்டம் என்றால் மாம்பழம். இப்போது மரங்களில் பிஞ்சு. ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூத்து, பழமாக நிற்பது ஒன்றோ இரண்டோதான். தோப்புத் தரையெல்லாம் உதிர்ந்த பிஞ்சு. போச்சம்பள்ளிக்கு அருகில் சந்தூர், மாங்கன்றுக்குப் பேர்போன ஊர். சாலையின் இருபுறமும் நர்சரிகள்.

ஒட்டுக் கட்டுகிற ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். சீசனில் மாங்கூழ் ஆலைகளிலிருந்து கொட்டையை வண்டி வண்டியாக வாங்கி வந்து முளைக்க வைக்கிறார்கள். அதுதான் வேர்ச்செடி. நல்ல ரக மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி. குச்சியை உடனே வெட்டிவிடுவதில்லை. இலைகளை மட்டும் முதலில் கிள்ளிவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் மரத்திலேயே விடுகிறார்கள், மொட்டு திரளும் வரை.

பிளேடு கத்தியால் வேர்ச்செடியின் தலையைச் சீவினார். நடுவே பிளந்தார். குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பாகச் சீவிச் செருகினார். "பச்சைத் தோலும் பச்சைத் தோலும் சேரணும் கண்ணு. ஒரு பக்கமாவது சேரணும். இல்லன்னா காஞ்சிடும்." பிளாஸ்டிக் நாடாவை இறுக்கிச் சுற்றினார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்.

"தாத்தா, இது பழுத்தா எந்தப் பழம்?"

"குச்சி எதோ அதான் பழம். வேர் பாடுபடும், பேரு குச்சிக்கு."

அங்கேயே ரோமர் 11-ஐப் புரட்டினேன், ஏனென்றால் பவுல் சொல்வது இதற்கு நேர்மாறு. தோட்டக்காரன் சாதாரண வேரில் உயர்ந்த கிளையை ஒட்டுகிறான். பவுலின் உவமையில் காட்டொலிவக் கிளை, அதாவது யூதரல்லாத புறஜாதியாகிய நாம், இஸ்ரவேலாகிய நல்ல ஒலிவமரத்தில் ஒட்டப்படுகிறோம். நல்ல பழம் வேண்டுகிற தோட்டக்காரன் இப்படிச் செய்ய மாட்டான், செய்தால் அந்தக் கிளையில் காட்டுக் காய்தான் கிடைக்கும். பவுலுக்கு இது தெரியாமல் இல்லை. "சுபாவத்திற்கு விரோதமாய்" ஒட்டவைக்கப்பட்டாய் என்று அவரே எழுதுகிறார். கிருபை எவ்வளவு விசித்திரமானது என்பது ஒட்டுக் கட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் உறைக்கிறது. வேரின் சாரம் கிளையையே மாற்றும் என்று நம்பி ஒருவர் நம்மை வெட்டி எடுத்து ஒட்டியிருக்கிறார்.

அதனால்தான் அந்த எச்சரிப்பும்: "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்." நாங்கள் நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர்கள், ஐந்து தலைமுறைக் கிறிஸ்தவர்கள் என்று எங்கள் ஊர்ப் பக்கம் பேசிக்கொள்வோம். எத்தனை தலைமுறையானாலும் குச்சி குச்சிதான்.

ஞாயிறு, தருமபுரி

சின்ன சபை. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். ஒரு பூசணிக்காய், நாட்டுக்கோழி, கேழ்வரகு, ஒரு பை புளி. இது புளி உலுக்குகிற காலம். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கிற வேலைக்குப் பெண்கள் போகிறார்கள். கூலி அதிகமில்லை, விரல்நுனி கறுத்து வெடித்திருக்கும். அந்தப் பையைக் கொண்டுவந்தவர் அப்படி வேலைக்குப் போகிறவர்தான். கூலியில் ஒரு பங்குக்குப் பதிலாகப் புளியாகவே கேட்டு வாங்கி, முதலாவதாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். சபையில் போட்டி போட்டு விலையேற்றினார்கள்.

தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமான், தகடூர் என்று அன்று பெயர்பெற்ற இந்தத் தருமபுரியை ஆண்ட மன்னன். அரசன் கொடுத்தது புறநானூற்றில் நிற்கிறது. விதவை போட்ட இரண்டு காசைச் சுவிசேஷம் வைத்திருக்கிறது. இந்தப் புளியை நான் இங்கே எழுதி வைக்கிறேன்.

திங்கள், சித்தேரி மலைக்கு அந்தப்பக்கம்

அரூர், கோட்டப்பட்டி வழியாகச் சிட்லிங்கி. ஒருபக்கம் கல்வராயன், ஒருபக்கம் சித்தேரி, நடுவே பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழ்கிற ஊர்கள். 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற இரண்டு மருத்துவர்கள் இங்கே வந்து ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அது இன்று அறுவை சிகிச்சை அரங்கோடு இருக்கிற மருத்துவமனை. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து ஊர் ஊராகச் சுகாதாரப் பணி செய்ய வைத்தார்கள். லம்பாடிப் பெண்களின் பழைய தையல் வேலையைப் 'போர்கை' என்ற பெயரில் உயிர்ப்பித்திருக்கிறார்கள்.

இது சபை நடத்துகிற மருத்துவமனை இல்லை. நல்ல சமாரியனும் எருசலேம் தேவாலயத்துக்காரன் இல்லை. லூக்கா 10-ஐ நேற்று இரவு வாசித்தபோது ஒன்றைக் கவனித்தேன். கள்ளர் அடித்துப்போட்ட ஒருவன் வழியில் குற்றுயிராய்க் கிடக்கிறான். ஆசாரியன் "அவனைக் கண்டு, பக்கமாய் விலகிப்போனான்." லேவியனும் வந்து கண்டான். சமாரியனும் "அவனைக் கண்டு, மனதுருகி" கிட்ட வந்தான். மூன்று பேருமே பார்த்தார்கள். பார்ப்பதைப் பற்றியே இத்தனை நாளும் எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு இது பயமாக இருக்கிறது. ஆசாரியன் ஒருவேளை வழியெல்லாம் அத்திமரத்தையும் ஆகாயத்துப் பறவைகளையும் பார்த்துத் தேவனைத் துதித்துக்கொண்டே வந்திருப்பான். இயற்கையில் பாடம் படிக்கிற பழக்கம் மனிதனருகில் போய் நிற்கவில்லையென்றால் ஆண்டவருக்கு அது எதற்கு?

வெளிநோயாளிகள் வரிசையில் ஒரு பாட்டி, மகளின் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். தனக்கு முதலில் பிறந்த இரண்டும் வீட்டிலேயே பிறந்து வீட்டிலேயே போய்விட்டன என்றார். "அப்ப ஆஸ்பத்திரின்னா தூக்கிக்கிட்டு மலை தாண்டணும். இவ அம்மா இங்க பொறந்தா. இவளும் இங்கதான்." பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னும் ஆறேழு பேருக்குப் பிறகுதான் முறை. பாட்டி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். அக்கா வரிசையில் நின்றாள், அத்தான் அரூர் பஸ்ஸை விட்டுவிடலாம், அடுத்ததில் போகலாம் என்றார்.